விகுதிக்கு வருணமில்லை!

"இலத்தீன் பிறவியிலேயே செல்வம் படைத்த மொழி. வடமொழி தேவர்கள் அருளிய மொழி. புதுச்சொல் ஈனும் ஆற்றல் அவற்றுக்குத்தான் உண்டு. தாய்மொழி அடுப்பங்கரைக்குப் போதும். ஆராய்ச்சிக் கூடத்துக்கு ஆகாது!"

இப்படிக் கூறுவோர் நேற்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். கூறுபவர் கற்றவர்; கேட்பவர் எளியவர். ஆகவே, பொய்யும் பட்டாடை உடுத்திப் பவனி வருகிறது. பள்ளிப் பிள்ளை அதை நம்பிவிடுகிறது. தன் மொழி ஏழை என்று நம்பிய பிள்ளை, தன் அறிவும் ஏழை என்று நம்பத் தொடங்குகிறது. வகுப்பறையில் நிற்கும் நாம் அந்த முகவாட்டத்தைக் கண்டிருக்கிறோம். அதனால்தான் இந்தப் பேச்சைச் சிரித்து ஒதுக்க மனம் வரவில்லை.

சான்று எங்கே என்று கேட்டால், இலத்தீனை நோக்கி விரலை நீட்டுகிறார்கள். நன்று! இலத்தீனையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவோம். அவர்கள் அழைத்த சாட்சி யார் பக்கம் பேசுகிறது என்று கேட்போம். மன்னர்களின் போர்க்களங்களைப் புரட்ட வேண்டியதில்லை. சொல்லின் வாலில் ஒட்டிக் கிடக்கிறதே சின்னஞ்சிறு விகுதி, அதைப் புரட்டினால் போதும்.

கி.மு. முதல் நூற்றாண்டு. கொரிந்து நகரைக் கி.மு. 146-இல் அழித்துக் கிரேக்க நாட்டைக் கீழடக்கிய ரோமானியர், கிரேக்க மொழியின் முன் கைகட்டி நின்ற காலம் அது. வாள் வென்றது, நா தோற்றது! வென்றவன் வீட்டுப் பிள்ளை, தோற்றவன் மொழியில் கல்வி கற்க ஏதென்சு நகருக்குக் கப்பலேறினான். தத்துவம் என்றால் கிரேக்கத்தில்தான் படிக்கவேண்டும் என்றனர். இலத்தீனில் எழுதிய தத்துவ நூலைத் தொடவும் கூசிய கற்றோர், அந்த ரோமாபுரியிலேயே இருந்தனர்.

அணுக்கொள்கையை இலத்தீனில் நெடும்பாட்டாகப் பாட முனைந்தார் லுக்ரீஷியஸ். பாடத் தொடங்கியவருக்குச் சொல் கிடைக்கவில்லை. பொருள் புதிது, அதைச் சொல்ல நம் முன்னோர் மொழிக்கோ வறுமை என்று அந்த நூலுக்குள்ளேயே நொந்துகொண்டார்.

எந்த மொழிக்கு வறுமை? இலத்தீனுக்கு! பிறவிச் செல்வம் என்று இவர்கள் புகழ்கிறார்களே, அதே இலத்தீனுக்கு! வறுமை என்று வருந்தியவர் வேற்று நாட்டான் அல்லர். அம்மொழியின் பெருங்கவிஞருள் ஒருவர். சாட்சியின் முதல் வாக்குமூலமே இவர்கள் வழக்கைக் கவிழ்த்துவிட்டது.

அடுத்து வருகிறார் சிசரோ. கி.மு. 106-இல் பிறந்தவர், கி.மு. 43-இல் வெட்டுண்டு மாண்டவர். சீசரின் ஆட்சியில் அரசியல் மேடை அவருக்கு அடைபட்டது. கி.மு. 45-இல் அன்பு மகள் துல்லியா மறைந்தாள். நாடு கைவிட்டது, வீடு இருண்டது. அந்த இருளில் அமர்ந்து அவர் செய்த வேலை என்ன தெரியுமா? கிரேக்கத் தத்துவம் முழுவதையும் தாய்மொழியில் எழுத முற்பட்டார். இலத்தீன் வறிய மொழி அன்று, கிரேக்கத்தைக் காட்டிலும் வளமிக்கது என்று அந்த ஆண்டில் எழுதிய நூலிலே முழங்கினார். மிகைதான். ஆனால் மிகையை மெய்யாக்க உழைத்தார் அல்லவா, அங்கேதான் அவர் பெருமை இருக்கிறது.

எப்படி உழைத்தார்? புதையல் தேடிப் புறப்படவில்லை. தெருவில் புழங்கிய பகுதியை எடுத்தார். தெருவில் புழங்கிய விகுதியை ஒட்டினார். 'எத்தகைய' என்பதற்கு இலத்தீனில் 'குவாலிஸ்' என்பர். பண்புப்பெயர் ஆக்கும் விகுதி 'தாஸ்'. நம் 'மை' போன்றது. இரண்டையும் இணைத்தார், 'குவாலிதாஸ்' பிறந்தது. தமிழில் 'எத்தகைமை' என்று சொல்லிப் பார்த்தால் அந்தச் சொல் அன்றைய ரோமானியர் காதில் எவ்வளவு கரடுமுரடாக ஒலித்திருக்கும் என்பது விளங்கும். இன்று ஆங்கிலேயன் 'குவாலிட்டி' என்கிறான். நம் கடைவீதியில் துணி வாங்குபவரும் 'குவாலிட்டி' என்கிறார்.

கிரேக்கத்திலாவது அந்தச் சொல் பிறவிச் சொல்லா? அதுவும் இல்லை! 'பொயோதேஸ்' என்ற கிரேக்கச் சொல்லை இதே முறையில் பிளேட்டோ ஆக்கினார். புதிதாக ஒலிக்கும் என்று தயங்கியே தம் நூலில் வைத்தார். இது கிரேக்கப் பொதுமக்களின் சொல் அன்று, தத்துவ அறிஞரின் சொல் என்பதைச் சிசரோவே எடுத்துக் காட்டுகிறார். அவர்கள் ஆக்கிக்கொண்டார்கள், நாம் ஆக்கிக்கொண்டால் என்ன குற்றம் என்பது அவர் வாதம். தெய்வம் தந்த சொல் எங்கும் இல்லை. துணிந்தவன் செய்த சொல்தான் எங்கும் உண்டு.

மேலும் கேளுங்கள். 'ஒழுக்கம், வழக்கம்' என்பதற்கு இலத்தீனில் 'மோஸ்'. அதன் அடி 'மோர்'. அதனுடன் 'ஆலிஸ்' என்ற விகுதியை ஒட்டி, ஒழுக்கம் சார்ந்தது என்னும் பொருளில் 'மொராலிஸ்' என்றார். மொழியை வளர்ப்பவன் இப்படிப் பெயரிடுவது பொருந்தும் என்று நியாயமும் கூறினார். இன்று 'மாரல்' என்று நீட்டி முழக்குகிறார்களே, அது கி.மு. 44-இல் முளைத்த செடி.

'பேரின்பநிலை' என்பதைக் கூற வந்தபோது அவருக்கு ஒரு சொல் போதவில்லை. இரண்டைச் செய்து பார்த்தார். 'தாஸ்' விகுதியை ஒட்டிப் 'பெயாதிதாஸ்'. 'தூதோ' விகுதியை ஒட்டிப் 'பெயாதிதூதோ'. இரண்டுமே காதுக்குக் கடினம்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால், பழக்கம் சொல்லை மென்மையாக்கும் என்றார். எத்துணைப் பெரிய உண்மை! புதிய தமிழ்ச்சொல் கேட்டவுடன் காதைப் பொத்திக்கொள்ளும் கனவான்களே, உங்கள் காது நோய்க்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மருந்து எழுதி வைத்திருக்கிறார் சிசரோ. அந்த மருந்தின் பெயர் பழக்கம்.

பிளேட்டோவின் நூல் ஒன்றை மொழிபெயர்த்தபோது 'நடுமை' என்று பொருள்படும் 'மெதியேதாஸ்' என்ற சொல்லைச் சொல்லவே துணிவு வரவில்லை என்று தயங்கினார். தயங்கித் தயங்கி எழுதிய அந்தச் சொல் என்ன ஆயிற்று? பிரெஞ்சில் 'முவாத்தியே', இத்தாலியத்தில் 'மெத்தா', ஸ்பானிய மொழியில் 'மித்தாத்'. மூன்றுக்கும் 'பாதி' என்று பொருள். ரொட்டியைப் பிட்டுத் தம்பிக்குப் பாதி கொடுக்கும் பாரிஸ் நகரத்துக் குழந்தை, மாபெரும் நாவலர் நாக்கூசிய அந்தச் சொல்லைக் கூசாமல் சொல்கிறது!

இந்த இடத்தில் எதிர்ப்பக்கத்து வழக்கறிஞர் எழுவார். "இலத்தீனால் முடிந்தது, ஏனெனில் அது வடமொழிக்கு உறவு. தேவபாடையின் இரத்தம் அதில் ஓடுகிறது" என்பார். உறவு உண்மை, மறுக்க மாட்டோம். 1786-இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் அந்த உறவை எடுத்துரைத்தார். தமிழும் அதன் உடன்பிறந்த மொழிகளும் வேறு குடும்பம் என்பதை 1816-இல் எல்லிசும், 1856-இல் கால்டுவெல்லும் நிலைநாட்டினர். குடும்பம் வேறு என்பதால் ஆற்றல் குறைந்துவிடுமா? அந்த உறவைத்தான் கொஞ்சம் விரித்துப் பார்ப்போமே!

கொடுப்பவனை வடமொழி 'தாதா' என்கிறது. கிரேக்கம் 'தோதேர்' என்கிறது. இலத்தீன் 'தாத்தோர்' என்கிறது. வினை செய்பவனைக் குறிக்கும் அந்த விகுதி மூன்றுக்கும் ஒரே மூலத்திலிருந்து வந்தது. அந்த விகுதியை ரோமானியன் எங்கெங்கு ஒட்டினான்? ஆணையிடும் படைத்தலைவன் 'இம்பெராத்தோர்'. பேரரசனுக்கும் பின்னாளில் அதுவே பெயர். ஏர் பிடித்து உழுபவன் 'அராத்தோர்'. செருப்புத் தைப்பவன் 'சூத்தோர்'. மாவிடித்து ரொட்டி சுடுபவன் 'பிஸ்தோர்'. பாடம் கற்பிப்பவன் 'தொக்தோர்'. (நம் தொழிலின் பெயரை மருத்துவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள், போகட்டும், வழக்குத் தொடர மாட்டோம்!)

பேரரசனுக்கும் செருப்புத் தைப்பவனுக்கும் ஒரே விகுதி! இதில் தேவ இரத்தம் எங்கே ஓடுகிறது? தேவலோகத்து விகுதி என்றால், தோல் தொட்டவன் பெயரில் அது ஒட்டியபோது தீட்டுப் பட்டதா? ரோம் சமத்துவபுரி என்று நாம் சொல்லவில்லை. அங்கே அடிமைச் சந்தை இருந்தது, சவுக்கு இருந்தது. மனிதரிடத்தில் வேற்றுமை இருந்தது, விகுதியிடத்தில் இல்லை. விகுதிக்கு வருணமில்லை!

இதைச் சொல்லும்போதே நம் முகத்தையும் கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும். 'முதலாளி' என்பதிலும் 'தொழிலாளி' என்பதிலும் தமிழ் ஒரே விகுதியைத்தான் வைத்தது. 'அரசர்' என்பதிலும் 'உழவர்' என்பதிலும் அதே 'அர்'தான். ஆனால் நாம் என்ன செய்தோம்? அமைச்சருக்கு 'ர்' போட்டோம். அதிகாரிக்கு 'அவர்கள்' என்று அடுக்கினோம். அழுக்குத் துணி வெளுத்தவரை 'வண்ணான்' என்றோம். தலைமயிர் திருத்தியவரை 'அம்பட்டன்' என்றோம். 'ன்' ஒருமைதான், இழிவு அந்த எழுத்தில் இல்லை, சொன்னவர் நெஞ்சில் இருந்தது. இலக்கணம் பொதுவில் வைத்த விகுதிக்கு வருணம் பூசியவர்கள் நாம். மொழிச் சீர்திருத்தம் பேசுவோர், கலைச்சொல்லை மட்டும் திருத்திவிட்டு இந்தக் கறையைக் கழுவாமல் விட்டால் அது பாதி வேலையே.

மீண்டும் இலத்தீனுக்கு வருவோம். பெரியவர்கள் மட்டுந்தானா சொல் செய்தார்கள்? இல்லை. படைவீரனும் சந்தைக்காரியும் செய்தனர். காதுக்கு ஏட்டுச்சொல் 'ஔரிஸ்'. சிறுமைப்பொருள் தரும் 'குலா' விகுதியை ஒட்டிச் 'செல்லக் காது' என்பதுபோல் 'ஔரிக்குலா' என்றனர் மக்கள்; அதையும் தேய்த்து 'ஒரிக்லா' என்றனர். பண்டிதருக்குப் பொறுக்குமா? 'புரோபசின் பின்னிணைப்பு' என்று இன்று வழங்கப்படும் பழைய பட்டியல் ஒன்று இருக்கிறது. இப்படிச் சொல், அப்படிச் சொல்லாதே என்று இருநூறுக்கு மேற்பட்ட சொற்களைத் திருத்துகிறது அது. 'ஔரிஸ்' என்பதே சரி, 'ஒரிக்லா' தவறு என்பதும் அதில் ஒரு கட்டளை.

முடிவு என்ன? பண்டிதர் போற்றிய சொல் ஏட்டில் உறங்குகிறது. பிரெஞ்சுக்காரன் காதை 'ஒரேய்' என்கிறான். ஸ்பானியன் 'ஒரேஹா' என்கிறான். இத்தாலியன் 'ஒரெக்கியோ' என்கிறான். மூன்றும் அந்தத் தவறான 'ஒரிக்லா'வின் பிள்ளைகள்! தவறு என்று எழுதியவர் பெயரும் நமக்குத் தெரியாது. தவறாகப் பேசியவரின் மொழியில் கண்டங்கள் பேசுகின்றன. மக்களைத் திருத்த எழுதிய பட்டியல், மக்கள் எப்படிப் பேசினர் என்பதற்குச் சான்றாகிவிட்டது. வரலாறு செய்யும் வேடிக்கை இதுதான்.

விகுதியே இல்லாத இடத்தில் மக்கள் விகுதியையும் படைத்தனர். 'மனத்தோடு' என்பதற்கு இலத்தீனில் 'மென்தே'. 'கிளாரா மென்தே' என்றால் 'தெளிந்த மனத்தோடு'. சொல்லிச் சொல்லித் தேய்ந்து, மனம் மறைந்தது. விகுதி மட்டும் நின்றது. ஸ்பானிய மொழியில் 'கிளாராமென்தே' என்றால் இன்று 'தெளிவாக' என்றுதான் பொருள். பிரெஞ்சில் கல்லும் 'லாந்தமான்', அதாவது மெதுவாக, உருளலாம். கல்லுக்கு ஏது மனம்? இரண்டு அடைகள் அடுத்தடுத்து வந்தால் ஸ்பானியர் 'மென்தே'யைக் கடைசிச் சொல்லில் மட்டும் ஒட்டுவர். அது ஒரு காலத்தில் தனிச்சொல்லாய் நின்றதன் தழும்பு அது.

நம்மிடம் இல்லையா இந்த வித்தை? 'இயல்' என்பது தன்மையைக் குறித்த தனிச்சொல். இன்று அது இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று துறைக்குத் துறை வாலாக நிற்கிறது. பாரிசில் நடந்தால் மொழி வளர்ச்சி. நம் ஊரில் நடந்தால் மட்டும் செயற்கையா?

"இவையெல்லாம் பழங்கதை. விஞ்ஞானச் சொல்லுக்கு வாருங்கள்" என்பார்கள். வருகிறோம். 1787-இல் பாரிசில் லவாசியேயும் தோழர் மூவரும் வேதியியலுக்குப் பெயரிடும் முறையை வகுத்தனர். ஆக்சிஜன் மிகுந்த அமிலத்தின் உப்புக்கு ஒரு விகுதி, குறைந்ததன் உப்புக்கு வேறொரு விகுதி என்று பேசி முடித்தனர். நம் மாணவர் மனப்பாடம் செய்யும் 'நைட்ரேட்', 'நைட்ரைட்' என்ற ஈறுகள் அந்த உடன்பாட்டின் விளைவு. இலத்தீன் வழிவந்த ஈறுகளுக்கு இலத்தீன் அறியாத பொருளை நால்வர் தந்தனர், உலகம் ஏற்றது. வானத்திலிருந்து ஓலை வரவில்லை!

'பொட்டாசியம்' என்கிறார்கள், நாக்கில் தேன் தடவியதுபோல. அதன் பொருள் தெரியுமா? மரத்தை எரித்த சாம்பலை நீரில் கரைத்துப் பானையில் காய்ச்சி எடுத்த உப்பை 'பொட்டாஷ்' என்றனர். 'பாட்' என்றால் பானை. 'ஆஷ்' என்றால் சாம்பல். 1807-இல் இலண்டனில் ஹம்ப்ரி டேவி அதிலிருந்து மின்சாரத்தின் துணையால் உலோகத்தைப் பிரித்தார். பானைச் சாம்பலோடு 'இயம்' என்ற இலத்தீன் விகுதியை ஒட்டினார், பொட்டாசியம்! அதன் குறியீட்டு எழுத்துக்கு மூலமான 'காலியம்' என்ற பெயரும் செடிச் சாம்பலைக் குறித்த அரபுச் சொல்லிலிருந்து வந்ததே. சமையற்கட்டுச் சாம்பலுக்கு ஒரு விகுதி ஒட்டினால் அது சர்வதேச விஞ்ஞானம். தாய்மொழி மட்டும் அடுப்பங்கரை மொழியா? அந்த உயர்ந்த சொல்லே அடுப்பிலிருந்துதானே ஐயா எழுந்தது!

ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். பிறமொழிச் சொல் எதுவும் வேண்டாம் என்று சிசரோ கதவடைக்கவில்லை. நெடுநாள் பழகிவிட்ட 'பிலோசொபியா' போன்ற கிரேக்கச் சொற்களைத் தம்முடையவையாகவே கொள்ளலாம் என்றார். 'பொட்டாசியம்' என்பதை நாமும் நாடுகடத்தச் சொல்லவில்லை. அது உலகப் பெயர், இருக்கட்டும். நம் சண்டை சொல்லோடு அன்று. தமிழால் ஆகாது என்று தீர்ப்பெழுதும் ஆணவத்தோடு. விருந்தினரை வரவேற்பது வேறு. வீட்டுக்காரனைத் திண்ணைக்குத் துரத்துவது வேறு. பழகிய சொல்லைக் கொள். ஆக்க முடிந்ததை ஆக்கு. இதுவே சிசரோ காட்டிய வழி. நமக்கும் அது ஏற்ற வழியே.

ஆக, சாட்சி சொல்லி முடித்துவிட்டது. இலத்தீன் செல்வத்தோடு பிறக்கவில்லை. வறுமை என்று அழுதது. தேவர் யாரும் வந்து உதவவில்லை. மகளை இழந்த மனிதர் ஒருவர் துயரத்தினூடே உட்கார்ந்து சொல் செய்தார். பண்டிதர் தடுத்தார், பாமரர் வென்றார். அறிஞர் நால்வர் கூடி விகுதிக்குப் பொருள் வகுத்தனர். சாம்பலுக்குக்கூட விகுதி ஒட்டி உலகை ஆண்டனர். இதில் எந்தப் படி தமிழுக்கு எட்டாதது? 'மை' நம்மிடம் இல்லையா? 'அகம்' இல்லையா? 'ஆளர்' இல்லையா? நூலகமும் எழுத்தாளரும் அப்படி வந்தவர்கள்தாமே!

ஆகவே, ஆசிரியத் தோழர்களே! நாளை வகுப்பில் புதியதொரு பொருள் வரும்போது, "இதற்குத் தமிழில் சொல் இல்லை" என்று கூறி அடுத்த பக்கத்தைப் புரட்டாதீர். "இதற்கு நாம் என்ன சொல் செய்யலாம்?" என்று பிள்ளைகளைக் கேளுங்கள். பத்துப் பிள்ளைகள் பத்துச் சொல் சொல்லட்டும். ஒன்பது உதிரட்டும்; ஒன்று நிற்கட்டும். கடைசி விசிப்பலகையில் அமர்ந்திருக்கும் உழவர் வீட்டுப் பிள்ளை கரடுமுரடாக ஒன்றைச் சொன்னால் சிரிக்காதீர். பழக்கம் அதை மென்மையாக்கும். பகுதி அவன் வீட்டில் இருக்கிறது. விகுதி அவன் நாவில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் துணிவை நாம் கொடுப்போம்!